பானைக்கு 1,779 பதம்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அரசியல் ஆய்வாளர்கள் மார்ட்டின் கிலென்ஸும் பெஞ்சமின் பேஜும் 1,779 சோறு எடுத்து நசுக்கிப் பார்த்தார்கள். அத்தனையும் 1981 முதல் 2002 வரை அமெரிக்காவில் எழுந்த கொள்கைக் கேள்விகள். யார் ஆசைப்பட்டது சட்டமாயிற்று என்று கணக்கு. 2014இல் விடை வந்தது: பணக்காரர்களும் தொழில்துறை அமைப்புகளும் சொன்னதற்கு எடை உண்டு, சராசரி வாக்காளர் விருப்பத்தின் தனி எடை ஏறக்குறையப் பூஜ்யம். நியூயார்க் டாக்சிக்காரர் மீட்டர் ஓடும்போதே சொல்லியிருப்பார், புள்ளியியல் இல்லாமல்.

மறுப்பும் வந்தது. பெரும்பாலான கேள்விகளில் பணக்காரரும் நடுத்தரக்காரரும் ஒரே பக்கம்தானாம். ஆகவே நடுத்தரக்காரர் கேட்டதும் நடந்துவிடுகிறதாம். நடக்காமல் என்ன? பண்ணையார் காருக்கு ரோடு போட்டால் நம் சைக்கிளும் அதில்தானே ஓடுகிறது, அவர் வீட்டு வாசல்வரை.