பத்தாம் வகுப்பில் வந்துசேரும் ஒரு மணி நேரம்

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறை, சென்னை.

பொருள்: தென்காசி மாவட்டப் பிள்ளைகள் ஆறு வயதிலேயே அவசரப்பட்டுத் திணறுவது – பொறுத்தருள வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அரசு நடைமுறை தெரியவில்லை. கற்றல் குறைபாடு உள்ளவர்கள் ஒன்றாம் வகுப்பிலேயே குறிலையும் நெடிலையும் குழப்பிக்கொண்டு, எழுத்துக்கூட்ட முடியாமல் நிற்கிறார்கள். தாங்கள் தரும் சலுகைகளோ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் காத்திருக்கின்றன: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு. எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்காதது நல்ல கொள்கைதான். ஆனால், வாசிக்கத் தெரியாத பிள்ளை யார் கண்ணிலும் படாமல் எட்டு வகுப்பையும் கடந்துவிடலாம் என்பது அதனுடன் வரும் இலவச இணைப்பு. ஒன்பது வருடம் கவனிக்காமல் விடப்பட்ட பிள்ளைக்குக் கடைசியில் ஒரு மணி நேரத்தை அள்ளிக்கொடுக்கும் தங்கள் தாராளத்தை என்னவென்று புகழ்வது!

மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் உதவினால் பிள்ளைமீது முத்திரை விழுந்துவிடும் என்பீர்கள். கடைசி பெஞ்சில் உட்காரவைத்து ‘மக்கு’ என்று அழைப்பது மட்டும் முத்திரை இல்லை போலும். குற்றாலத்தில் நீர்வரத்து கூடினால் மெயினருவியில் உடனே குளிக்கத் தடை போடுகிறார்கள். வெள்ளத்திடம் யாரும் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும், கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்றே சொல்கிறது. சான்றிதழ் சலுகைக்கு வேண்டியிருக்கலாம்; எழுத்தை மெதுவாக, ஒலியோடு சேர்த்து, இன்னொரு முறை சொல்லிக்கொடுக்க அது எதற்கு?

நிதி இல்லை என்பது அடுத்த பதில். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25க்குரிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது அநியாயம்தான். அதை நாங்களும் கண்டிக்கிறோம். ஆனால் சிறப்பாசிரியர்கள் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்கு ஒருவராக அலைவது அதற்கு முன்பே இருந்த வழக்கம். தொடக்கநிலையில் பத்து சிறப்புத் தேவை மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இலேயே கணக்குச் சொல்லிவிட்டது. பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மறுபடியும் உத்தரவிட்டது. ஒரே பாடத்தை இரண்டு முறை சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது பிள்ளைகளுக்கு மட்டுமல்ல என்று தெரிகிறது.

ஆகவே, ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்குக் குறைபாட்டை அடையாளம் காணும் பயிற்சியையும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் போதிய நிரந்தரச் சிறப்பாசிரியர்களையும் வரும் ஜூனுக்குள் தருமாறு வேண்டுகிறேன். பொதுத்தேர்வில் தரும் அந்த ஒரு மணி நேரத்தை ஒன்றாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒருமுறை கொடுங்கள். பத்தாம் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

இப்படிக்கு,
தென்காசி மாவட்டக் குடிமகன் ஒருவன்.