கொதிக்க வைக்கக் கூடாதாம்!

எங்கள் வீட்டுச் சட்டப்படி ஒரு பொருள் சுத்தமாக வேண்டுமானால் அதன்மேல் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும், சபீனா போட்டுத் தேய்க்க வேண்டும், அப்புறம் மொட்டை மாடி வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டும். பால் பாத்திரம், ஊறுகாய் ஜாடி, என் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் எல்லாம் இப்படித்தான் கரையேறின. அம்மா எழுதிய இந்தச் சாசனத்துக்கு எதிர்ப்பு வந்தது, என் வாய்க்கு ஒரு நைட் கார்டு வந்த பிறகுதான்.

தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிக்கிறேனாம். மனைவி சொல்லித்தான் எனக்கே தெரியும். "ராத்திரி பூரா அம்மியில அரைக்கிற மாதிரி இருக்குங்க" என்றாள். அம்மா உடனே தீர்ப்பு சொன்னாள்: "வயித்துல பூச்சிடா. மாத்திரை வாங்கிப் போடு." பல் டாக்டர் பூச்சியை விடுதலை செய்துவிட்டு, மன உளைச்சல், ராத்திரி காபி, சிகரெட் என்று வேறு ஆட்களைக் கூண்டில் ஏற்றினார். உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் எனாமல். தேய்ந்தால் திரும்ப வளராது. மேலேயும் எனாமல், கீழேயும் எனாமல், விடிய விடிய மல்லுக்கட்டு. நடுவே ஓர் அக்ரிலிக் தகட்டை நிறுத்திவிட்டால் அடியெல்லாம் அதற்கு. கடிப்பது நிற்காமல் போகலாம். தேய்கிற ஆள் மாறிவிடுவார், அவ்வளவுதான்.

அந்தத் தியாகிக்கான பணிவிடைகளை டாக்டர் சொல்லச் சொல்ல, அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். காலையில் கழற்றியவுடன், எச்சில் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். விட்டால் பல்லில் காரை பிடிப்பது போலவே இதிலும் வெள்ளையாகப் படியும். பச்சைத் தண்ணீர்தான், மிஞ்சிப்போனால் வெதுவெதுப்பு. சுடுதண்ணீர் பட்டால் வளைந்துவிடும், கொஞ்சம் வளைந்தாலும் பல்லில் உட்காராது. வெயிலும் ஆகாது, பூட்டிய காரும் ஆகாது. மென்மையான பிரஷ்ஷில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். பேஸ்ட் கூடவே கூடாது. அதிலுள்ள சன்னத் துகள்கள் அக்ரிலிக்கில் கீறல் போடும், கீறலுக்குள் கிருமிகள் குடித்தனம் வைக்கும்.

"பேஸ்ட்டும் கூடாது, சுடுதண்ணியும் கூடாது, வெயிலும் கூடாது. அப்புறம் அது என்னடா சுத்தம்?" என்று கேட்டாள் அம்மா. நியாயமான கேள்வி. பல் மருத்துவம் அவளுக்குப் பிடிபடவில்லையே தவிர, எச்சில் பிடிபட்டது. சமையலறைத் தொட்டிப் பக்கம் அது வரவே கூடாது என்று உத்தரவு போட்டு, பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை இறக்கித் தந்தாள். என் காதுகுத்துக்கு வந்தது. விளிம்புக்குக் கீழே கொடுத்தவர் பெயர் புள்ளி புள்ளியாகப் பொறித்திருக்கிறது. மாமா உயிரோடிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்.

வாரத்துக்கு ஒருமுறை ஊறவைக்க, பல் செட் கழுவும் மாத்திரை. மெடிக்கல் ஷாப் பையன் "தாத்தாவுக்கா சார்?" என்று கேட்டான். பிறகு என் தலையைப் பார்த்து "சாருக்கா?" என்று திருத்திக்கொண்டான். டம்ளரில் தண்ணீர் ஊற்றி மாத்திரையைப் போட்டதும், சோடா உப்பும் அமிலமும் சேர்ந்து நுரை தள்ளிப் பொங்கியது. அம்மா எட்டிப் பார்த்தாள். முகத்தில் அப்படியொரு பிரகாசம். "பாத்தியா, கொதிக்குது! இதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்?" தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று நான் வாதாடவில்லை. நன்றாக அலசித்தான் வாயில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவைத்தேன்.

டப்பா விஷயத்தில்தான் இன்னும் சமாதானம் வரவில்லை. காற்றுப் புகாமல் ஈரத்தோடு மூடினால் கிருமி பெருகும் என்பதால் ஓட்டை வைத்த டப்பா. ஓட்டை வழியாக எறும்பு போகும் என்பது அம்மாவின் கட்சி. டப்பா இப்போது தண்ணீர் நிரம்பிய ஒரு தட்டின் நடுவே தீவாக உட்கார்ந்திருக்கிறது.

போன செக்கப்புக்கு கார்டையும் எடுத்துவரச் சொன்னார்கள். டாக்டர் அதை விளக்கில் தூக்கிப் பிடித்து, "வலது பக்கம் பிரமாதமாக் கடிச்சிருக்கீங்க" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அன்று ராத்திரி மனைவி அந்தப் பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யாரை நினைச்சுங்க இப்படிக் கடிக்கிறீங்க?" என்றாள். கூடத்தில் அம்மா டிவி சத்தத்தைக் குறைப்பது கேட்டது. நான் அவசரமாக கார்டை வாங்கி வாயில் மாட்டிக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டால் பேச்சு சரியாக வராது.