தடிமனுக்குச் சனல் பண்ணின மருமோன்

அடேய் மருமோன், தடிமனுக்கு ரவுணுக்குப் போய் ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணினியாமே! நல்லாச் செய்தாய். கனடாவில கொக்கா ரெண்டு வேலை செய்து அனுப்புற காசு பாங்கில கிடந்தால் பூஞ்சணம் பிடிச்சிடுமெல்லே. சரி, டொக்டர் என்ன சொன்னவர்? சுடுதண்ணி குடிச்சு ரெஸ்ற் எடுக்கச் சொன்னவரோ? உதைச் சொல்ல நான் திண்ணையில சும்மாதானே இருக்கிறன்! ஒரு சுருட்டுக் காசோட முடிஞ்சிருக்கும்.

பையில என்ன, குளுசையோ? அந்தக் காய்ச்சல் குளுசை அட்டையை இஞ்சை திருப்பு. பெரிய எழுத்தில கொம்பனிப் பெயர். கீழ பொடி எழுத்தில என்ன கிடக்கு? கண்ணாடியைப் போட்டு வாசி. பரசிற்றமோல், 500 மில்லிகிராம். இப்ப என்ரை மடியில இருக்கிற மலிவு அட்டையை வாசி. என்ன, சத்தத்தைக் காணேல்லை?

ரெண்டும் ஒரே மருந்துதான் எண்டது என்ரை கண்டுபிடிப்பில்லை. சேனக பிபிலே எண்டு ஒரு மருந்தியல் பேராசிரியர். 1971இல அரசாங்கத்தின்ரை மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கேக்க அவர்தான் முதல் தலைவர். கொம்பனிப் பெயரை விடுங்கோ, மருந்தின்ரை சொந்தப் பெயரில விலை கேட்டு மொத்தமாய் வாங்குங்கோ எண்டார். வெளிநாட்டுக் கொம்பனியளுக்கு வயித்தெரிச்சல். அதுக்கு என்ன குளுசை போட்டினமோ தெரியாது. 1977இல மனிசன் கயானாவில செத்துப்போனார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை முதன்முதல் வெளியிட்டதும் அதே வருசம்தான். கூட்டுத்தாபனத்தின்ரை ஒசுசலயில போய், இதே மருந்து குறைஞ்ச விலையில இருக்கோ எண்டு கேள். கேட்டால் மரியாதை போயிடுமே? தவறணையில குடிகாரனே விலை கேட்டுத்தான் குடிக்கிறான்.

கொம்மாவின்ரை சீனிக்கும் பிறசருக்கும் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக் இருக்கு. 1850இல வெள்ளைக்கார அரசாங்க அதிபர் டைக் துரை தொடக்கின ஆஸ்பத்திரி, நேற்று முளைச்சதில்லை. கொப்பியைக் கொண்டுபோனால் மருந்து சும்மா. கைவசம் இல்லாததுக்குத் துண்டு தருவினம், அதை மட்டும் வெளியில வாங்கு. விடியக் காலமை போய்க் காத்திருக்கவேணும், மெய்தான். அந்த வாங்கில குந்தியிருந்துதான்ரா உன்ரை கலியாணத்தையே பேசி முடிச்சனான்.

ஆனால் ஒண்டு. மிச்சம் பிடிக்கிறன் எண்டு பிறசர்க் குளுசையை ஒண்டுவிட்ட ஒருநாள் குடுத்துப்போடாதை. பக்கவாதத்தில விழுந்தால் கொக்கா மூண்டாவது வேலை தேடவேணும். அதைவிட மலிவு சுடலைதான், அங்கையும் இப்ப காசு.

நெஞ்சு நோவெண்டால் சனலும் வேண்டாம், என்ரை சுடுதண்ணியும் வேண்டாம், ஓட்டோக்காரனோட பேரமும் வேண்டாம். 1990க்கு அடி. 2018இல இந்தியாவின்ரை உதவியோட வடக்குக்கு வந்த சுவசெரிய அம்புலன்ஸ், ஒரு சதமும் கேளாங்கள். நம்பரைச் சுவரில எழுது. கலண்டரில எழுதாதை, வருசம் முடியக் கொம்மா அதைக் கிழிச்சு அடுப்பு மூட்டிப்போடுவா.