படம் முடிந்ததும் முதலில் வாய்திறக்க வேண்டியவர் யார்? காஞ்சி மாநகரை முன்வைத்து ஓர் ஆய்வு

படம் பார்த்து முடித்தவரிடம் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் வரும் விடைக்குக் கருத்து என்று பெயர். கருத்து எங்கே பிறக்கிறது என்பதில் அறிஞரிடையே கடும் வேறுபாடு நிலவுகிறது. (நிலவாவிட்டாலும் நிலவுகிறது என்றே தொடங்க வேண்டும், இல்லையேல் நெறியாளர் ஆய்வேட்டைக் கையால் தொடமாட்டார்.) இங்கே எடுத்துக்கொண்ட படம் 2011இல் வந்த ‘மேல்விலாசம்’. ஸ்வதேஷ் தீபக்கின் ‘கோர்ட் மார்ஷல்’ என்னும் இந்தி நாடகம் சூர்யா கிருஷ்ணமூர்த்தியின் கைப்பட்டு மலையாளத்துக்கு வந்து, மாதவ் ராமதாசன் இயக்கத்தில் திரையேறியது. ஏறக்குறைய முழுப் படமும் இராணுவ நீதிமன்றம் கூடிய ஓர் அறைக்குள்ளேயே நடக்கிறது. அதிகாரிகளைச் சுட்டதாகக் கூண்டில் நிற்கும் சவார் ராமச்சந்திரனாக நம் பார்த்திபன். அவனுக்காக வாதாடும் கேப்டன் விகாஸ் ராயாக சுரேஷ் கோபி. தலைமை வகிக்கும் கர்னல் சூரத் சிங்காகத் தலைவாசல் விஜய். சுட்டது யார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஏன் சுட்டான் என்பதே படம். விடை, சாதி. இந்த ஒரு சொல்லை வாசகர் முந்தியில் முடிந்துவைத்துக்கொள்க. பார்த்தோர் கருத்துகளில் இச்சொல் எத்தனையாவதாக வருகிறது, ஏன் அத்தனை தாமதமாக வருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆய்வெல்லை பெரிய காஞ்சிபுரத்தில் தொடங்கிச் சின்ன காஞ்சிபுரத்தில் முடியும். இடைப்பட்ட போக்குவரத்து நெரிசல் எல்லைக்கு உட்பட்டதே ஆயினும் ஆராயப்படவில்லை. இவ்வெல்லைக்குள் கருத்துகள் மூவகைப்படும். படம் பார்க்கும் முன்பே தறியில் ஏற்றிவைத்தது பாவுக் கருத்து. பார்க்கும்போதே குறுக்கே ஓடிப் பக்கத்து நாற்காலிக்காரருக்கு வசனம் கேட்காமல் செய்வது ஊடைக் கருத்து. மூன்றாவது கோர்வைக் கருத்து. உடல் தன்னுடையது, கரை இன்னொருவருடையது. இம்மூன்றில் தலையாயது கோர்வையே. பிள்ளையார்பாளையத்தில் தறிமுன் சற்று நின்று பார்த்தவர் அறிவர்: கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடா. உடலை நெய்பவர் மூத்தவர். பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுவது துணையாள். புடவையைக் கடையில் விரித்ததும் பெண்கள் முதலில் பார்ப்பது கரையைத்தான். இச்செய்தி பின்னர் வேண்டியிருக்கும்.

‘மேல்விலாசம்’ பார்த்தோர் சொன்னவற்றுள் மீசைக் கருத்து, சீருடைக் கருத்து ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு வரி போதும், அது இதுதான். சுத்தியல் கருத்து, ‘ஜட்ஜ் சுத்தியலால தட்டவே இல்லையே’ என்பது. நம் நாட்டு நீதிமன்றங்களில் மரச் சுத்தியல் வழக்கமில்லை. அது நம் சினிமாக்காரர்கள் வெளிநாட்டுப் படத்திலிருந்து வாங்கிவந்து திருப்பிக் கொடுக்காத பொருள். ‘பார்த்திபனைப் பேசவே விடலையே’ என்பது அடுத்தது. இது சற்று நுட்பமானது. பேச்சுக்கே பேர்போன ஒருவரைக் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தி வாயைக் கட்டியது இயக்குநர் வேண்டுமென்றே செய்த காரியம். அவன் பேசவில்லை என்று குறைபட்டவர், அவன் ஏன் பேசவில்லை என்று கேட்கத் தவறினார். தவறியது எதனால்? அவருக்கு முன்னால் பேசிய மாமா சீருடையைப் பற்றிப் பேசினார். மாமாவுக்கு முன்னால் பேசிய தாத்தா மீசையைப் பற்றிப் பேசினார். தாத்தா போட்ட பாவில் மற்றவர் ஊடை ஓட்டினர். எனவே கருத்து என்பது பார்த்தவரின் அறிவிலோ படத்தின் தரத்திலோ பிறப்பதன்று, பேசும் வரிசையில் பிறப்பது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இத்துணிபுக்கு முதற்சான்று படத்துக்குப் பொருளாய் அமைந்த இராணுவச் சட்டத்திலேயே கிடைக்கிறது. 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டப்படி பொது இராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது 5 அதிகாரிகள் அமர வேண்டும். குற்றவாளியா இல்லையா என்று அவர்கள் கருத்துச் சொல்லும்போது, 1954ஆம் ஆண்டு விதிகளின்படி பதவியில் கடைசியில் இருப்பவரே முதலில் வாய்திறக்க வேண்டும். கர்னல் தம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வாக்குகள் சரிபாதியானால் முடிவு குற்றம் சாட்டப்பட்டவன் பக்கம். மேலதிகாரி தும்மினால் கீழுள்ளோர் எழுந்து நிற்கும் ஓர் அமைப்பு, ஒருவன் உயிர் தொங்கும் நேரத்தில் மட்டும் இளையவனை முதலில் பேசச் சொல்கிறது என்றால் அதன் பொருள் என்ன? பெரியவர் பேசிவிட்டால் பிறகு யாரும் யோசிக்கமாட்டார்கள் என்பது இராணுவத்துக்கே தெரியும் என்பதுதான். பழைய யூதர்களின் நீதிமன்றமான சன்ஹெட்ரினிலும் உயிர்த்தண்டனை வழக்குகளில் இளையவர் பக்கமிருந்தே தொடங்குவது முறை. இது தெரியாத இடங்கள் உலகில் இரண்டே: ஒன்று, நம் வீட்டுக் கூடம், மற்றொன்று, தலைமையுரையில் எல்லா முடிவுகளையும் சொல்லிவிட்டு, பிறகு கட்டுரையாளர்களை ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆராயச் சொல்லும் ஆய்வரங்கம்.

இளையோர் முதலில் பேசுக என்பதற்குப் பழந்தமிழ் நூல் ஆதாரம் உண்டா எனின், உண்டு, நூல்தான் இல்லை. மேற்கோளுக்கு மிக உதவுவன கடல்கொண்ட நூல்களே. எடுத்துப் பார்த்துச் சரிபார்க்கும் தொல்லை இல்லை. காஞ்சியில் கடல் ஏது எனின், வேகவதி கொண்டது என்க. வேகவதியில் நீர் ஏது எனின், அக்காலத்தில் இருந்தது என்க. நூலின் பெயரும் ஆற்றோடு போயிற்று. அதற்கு எழுந்த பாவுரையில் கரையான் தின்றது போக எஞ்சியது ‘ஆகலின்’ என்னும் ஒரே சொல். அதை மறுத்த ஊடுரை, அது ‘ஆகலின்’ அன்று, ‘ஆதலின்’ என்றது. இருவரையும் இணைக்கப் புகுந்த கோர்வையுரைகாரர், ‘ஆ’ வரைக்கும் இருவர்க்கும் உடன்பாடே என்று கண்டு, அந்த ‘ஆ’ பசுவைக் குறிக்கும் என்று தனி அதிகாரம் வரைந்தார். முதற்பதிப்பில் பசுவாக இருந்தது இரண்டாம் பதிப்பில் எருமையாயிற்று. மூன்றாம் பதிப்பின் முன்னுரை நாற்பது பக்கம். அவற்றுள் முப்பத்தெட்டு, இரண்டாம் பதிப்பாசிரியருக்கு ஏடு படிக்கத் தெரியாது என்பது பற்றி. எஞ்சிய இரண்டு, அச்சகத்தாருக்கு நன்றி. இவை எதிலும் இளையோர் முதலில் பேசுக என்ற செய்தி இல்லை. இல்லாமையால், அது அக்காலத்தில் சொல்லவே தேவைப்படாத அளவுக்கு எல்லோரும் அறிந்த செய்தி என்பது பெறப்படும். இவ்வளவு பூசல் எதற்கு என்று வெளியூரார் கேட்கலாம். வரதராஜர் சன்னிதியில் வடகலை, தென்கலை வைணவருள் எவர் எதை ஓதுவது என்ற வழக்கு 19ஆம் நூற்றாண்டு முதல் நீதிமன்றப் படி ஏறி இறங்கும் ஊர் இது. யார் எப்போது வாய்திறப்பது என்பது இங்கே என்றுமே சில்லறை விஷயமாக இருந்ததில்லை.

வெளியூர்ச் சான்றும் இதையே சொல்லும். 1992இல் வந்த ‘எ ஃபியூ குட் மென்’ படத்தைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லிக்காட்டுவது கர்னலாக வரும் ஜாக் நிக்கல்சனின் உறுமலைத்தான். செத்துப்போன இளம் சிப்பாயின் பெயர் சான்டியாகோ என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 2008இன் ‘ஷௌர்யா’விலும் பேச்சாக நிற்பது பிரிகேடியராக வந்த கே கே மேனன். வழக்கே யாருக்காக நடந்ததோ, அந்தக் கேப்டன் ஜாவேத் கானாகப் படத்தில் பெரும்பாலும் வாய்மூடியே இருந்த தீபக் டோப்ரியாலைக் கேட்டால்தான் சொல்வார்கள். நீதிமன்ற அறையில் தோற்ற மேலதிகாரி, பார்த்தவர் வாயில் வென்றுவிடுகிறார்.

உள்ளூர்ச் சான்று வேண்டுமாயின் 7ஆம் நூற்றாண்டுக்குப் போவோம். மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ இக்காஞ்சித் தெருவில் நடக்கும் வழக்குத்தான். காபாலிகனின் கபாலத்தைக் காணோம். அவன் பௌத்த பிக்குவைக் குற்றம் சாட்டுகிறான். பாசுபதர் ஒருவர் நடுவராக வருகிறார். மூவரும் சமயம், சாத்திரம் என்று வாதிட்டு மாய்கிறார்கள். கபாலமோ நாய் கவ்விப் போனது. நாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு கடைசியில் வருபவன் ஒரு பித்தன். சபையில் மிகக் கீழான இடத்தில் இருந்தவனிடமே தடயம் இருந்தது. அவனை முதலில் அழைத்திருந்தால் நாடகம் அரைப் பக்கத்தில் முடிந்து, மன்னனுக்கு நாடகாசிரியர் என்ற பெயரே கிடைத்திராது. அது வேறு செய்தி. இதே ஊரில் பிறந்த அண்ணா ‘நீதிதேவன் மயக்கம்’ எழுதி இராவணனுக்கே மறுவிசாரணை வாங்கிக்கொடுத்தார். இராவணனுக்குக் கிடைத்த முறை வீட்டுக் கடைக்குட்டிக்குக் கிடைக்கவில்லை.

இனிக் கடாவும் விடையும். ‘பெரியவர் அனுபவசாலி, அவர் சொல்லைக் கேட்டால்தானே சிறியவருக்குப் படம் விளங்கும்’ என்பார் உளர். விதி பெரியவர் வாயை அடைக்கவில்லை, வரிசையைத்தான் திருப்புகிறது. அனுபவம் பத்து நிமிடத்தில் ஊசிப்போகிற பண்டமன்று. ‘தாத்தா உட்கார்ந்திருக்கும்போது பொடிசு எப்படித் துணிந்து சொல்லும்?’ என்பது இரண்டாம் கடா. அஞ்சத்தான் செய்யும், ஆனால் தாத்தா என்ன சொல்வார் என்று தெரியாத அச்சம் சிறிது, தெரிந்துவிட்ட பிறகு வரும் அச்சம் பெரிது. ‘எங்கள் வீட்டில் வரிசையே கிடையாது, அப்பா ஒருவர்தான் பேசுவார்’ என்பது மூன்றாவது. அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. சுருக்க இராணுவ நீதிமன்றம் என்று ஒன்று. அதில் கமாண்டிங் அதிகாரி ஒருவரே நீதிமன்றம். உடன் இருவர் முழுநேரமும் அமர்ந்திருக்க வேண்டும், அவர்களுக்கு உறுதிமொழியும் இல்லை, வாக்கும் இல்லை. அந்த வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் உள்ள பதவி அதுவே. பொது இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்போ மேலிடம் உறுதி செய்யும்வரை செல்லாது. அமெரிக்காவிலிருக்கும் மூத்த மகன் போனில் ‘ஆமாப்பா, நல்ல படம்’ என்று சொல்லும்வரை சில வீடுகளில் கருத்து நிலுவையில் கிடப்பதற்கும் இங்கே முன்மாதிரி கிடைத்தது.

நான்காவது கடா ஒன்று உண்டு; அதுதான் கனமானது. ‘வரிசையைத் திருப்பினால் மட்டும் சாதி என்ற சொல் வந்துவிடுமா? மூத்தவர் தெரியாமலா மீசையைப் பற்றிப் பேசினார்?’ தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் மீசைக்குப் போனார். மீசையைப் பற்றிப் பேசினால் யார் வீட்டுப் பந்தியும் கலையாது. வீட்டில் எதைப் பேசக்கூடாது என்பதை இன்னும் கற்றுக்கொள்ளாதவர் கடைக்குட்டி ஒருவரே. அந்த அறியாமையே அவரது தகுதி. கரை நாடா அவர் கையில், முதலில் பார்க்க வேண்டியதும் கரையைத்தான். கற்றுக்கொள்வதற்குள் கேட்டுவிட வேண்டும். ஆகலின் (‘ஆதலின்’ என்பதும் பாடம்), அடுத்த முறை குடும்பத்தோடு இப்படத்தைப் பார்ப்பவர்கள் விளக்கைப் போட்டதும் ‘எப்படி இருந்தது?’ என்று பொதுவாகக் கேட்காமல், இருப்பவர்களில் இளையவரைப் பார்த்து ‘ராமச்சந்திரன் ஏன் சுட்டான்?’ என்று கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன். விடை வரும்வரை பெரியவர்கள் குடலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பெரிய துண்டாகவே வைக்கவும்.