பூட்டு போட்டால் அச்சு பிழைக்குமா?

கேள்வி: செம்பரம்பாக்கத்தில் சின்ன ஆப்செட் பிரஸ் நடத்துகிறேன். குழந்தைகளுக்கான கெட்டி அட்டைப் புத்தக வேலையைப் பழைய பார்ட்டி சீனாவுக்குக் கொடுத்துவிட்டார். கப்பல் வாடகை கொடுத்தும் என்னைவிட எப்படிக் குறைகிறது?

பதில்: ரகசியம் கறுப்புப் பிளேட்டில் இருக்கிறது. படங்களின் நிறம் எல்லா மொழிக்கும் ஒன்றே. எழுத்து இருக்கும் கறுப்பை மட்டும் மாற்றினால் பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன் என்று அடுத்தடுத்து ஓட்டலாம். மேக்ரெடி (ஓட்டத்துக்கு மெஷினைத் தயார் செய்வது) செலவைப் பல நாட்டுப் பதிப்பாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். நீங்கள் 2,000 பிரதி மட்டும் அடித்தால் அது முழுவதும் உங்கள் தலையில். அட்டை ஒட்டுவது, டை கட்டிங், மூலை உருட்டுவது எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனி ஆலைகள் அருகருகே இருக்கின்றன. ஒற்றை பிரஸ்ஸாக நின்று இந்த விலையோடு மோதாதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டில் அச்சடிப்பதற்கே தடை போட்டால்? (ஆவடி வாசகர்)

பதில்: அமெரிக்கா போட்டுப் பார்த்தது. எங்கள் மண்ணில் அச்சுக்கோத்தால்தான் காப்புரிமை என்று 1891இல் சட்டம் செய்தது. பல திருத்தங்களோடு அது 1986 வரை உயிரோடு இருந்தது. இன்று அமெரிக்கக் குழந்தைகளின் படப் புத்தகங்களைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் சீன அச்சு. இன்னொன்று: 2006இல் அதே அமெரிக்கா கோடு போட்ட நோட்டுகளுக்குக் குவிப்புத் தடுப்பு வரி விதித்தபோது சீனாவோடு சேர்த்து இந்தியாவும் மாட்டியது. பூட்டு நம் வாசலுக்கும் வரும்.

கேள்வி: அடுத்தவர் வேலையை நாம் வாங்கியதே இல்லையா? (அம்பத்தூரில் டைப்செட்டிங் செய்பவர்)

பதில்: வாங்கினோம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புத்தகங்கள் பலவற்றில் காப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். பக்கம் அமைத்தது சென்னை அல்லது புதுச்சேரி என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த வேலை இங்கே வந்ததால் அங்கே அச்சுக்கோத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. ஆனால் குறைந்த கூலி மட்டுமே நம்மை இத்தனை காலம் நிறுத்தவில்லை. கணிதச் சமன்பாட்டையும் அடிக்குறிப்பையும் பிசகாமல் அமைக்கும் பிள்ளைகள் இங்கே உருவானார்கள்.

கேள்வி: தமிழ் அச்சு எப்போதாவது வெளிநாட்டை நம்பி இருந்ததா? (பூந்தமல்லி கல்லூரி மாணவி)

பதில்: இருந்தது, தங்கச்சி. தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு நடத்திய அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து இறங்கின. எழுத்து பெரிது, பக்கத்துக்குக் கொஞ்சம்தான் கொள்ளும். தாளோ பஞ்சம். பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, சின்ன எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தார்கள். தமிழ் எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது இங்கே அச்சடித்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.

கேள்வி: சீனா தொட முடியாத வேலை?

பதில்: கல்யாணப் பத்திரிகை. ராத்திரி பதினொரு மணிக்கு "தாய்மாமன் பேர் விட்டுப்போச்சு" என்று போன் வரும், விடிந்தால் டெலிவரி. அப்புறம் சிவகாசி தினசரி காலண்டர். ஆடிப்பெருக்குக்கு மாதிரி ஆல்பம் வெளியாகும். ராகுகாலம், நல்ல நேரத்தோடு ஊர்ப் பலசரக்குக் கடையின் பெயரையும் கேட்கிற எண்ணிக்கையில் அடித்துத் தருவார்கள். செம்பரம்பாக்கத்துக்கு இன்னொரு வசதி, ஸ்ரீபெரும்புதூர் சாலைத் தொழிற்சாலைகள். ஸ்டிக்கர், கார்ட்டன், மேனுவல் நாளைக்கே வேண்டும் என்பவன் கப்பலுக்காகக் காத்திருக்க மாட்டான்.

கேள்வி: அரசிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால்?

பதில்: தாள் வரி. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், தாளுக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் திரும்பப் பெற முடியாது. அந்தத் தாள் வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வெளிநாட்டில் அச்சாகி வரும் புத்தகத்துக்கோ 2019 பட்ஜெட் வைத்த சுங்கவரி 5 சதவீதம். பள்ளி நோட்டுக்கான தாளுக்கு வரியை நீக்கியவர்கள் புத்தகத் தாளுக்கும் நீக்க வேண்டும். உங்கள் அச்சகச் சங்கத்தின் அடுத்த மனுவில் இதை முதல் வரியாக எழுதுங்கள்.