ஐஸ்லாந்தில் உடன்போக்கு: கார்க்கதவை முன்வைத்து ஓர் ஆய்வு

கணவனும் மனைவியுமாக ஐஸ்லாந்துக்குச் சாகசச் சுற்றுலா போவது குறித்து எழுதப்படுவன யாவும் அருவி, பனியாறு, எரிமலை, வடதுருவ ஒளி என்னும் நான்கு தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றில் சுற்றுலா இருக்கிறது; தம்பதியும் ஏதோ ஒரு படத்தின் ஓரத்தில் நிற்கிறார்கள். சாகசம் எது என்ற வினாவைத்தான் யாரும் எழுப்பக் காணோம். அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மரபுப்படி முதலில் வரையறை: காப்பீடு எங்கே கைவிரிக்கிறதோ அங்கே சாகசம் தொடங்குகிறது. ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய வரையறையை அறிஞருலகம் மதிப்பதில்லை என்பதால், இனி வரும் பத்திகளில் அதை இயன்றவரை சிக்கலாக்கியிருக்கிறோம். சிக்கலுக்குப் பின்னும் முடிவு மாறவில்லை. ஐஸ்லாந்தில் தம்பதியர்க்கென்று உள்ள சாகசம் ஒன்றே ஒன்று. அது வாடகைக் காரின் கதவைத் திறப்பது.

சாகசம் என்ற பெயரில் விற்கப்படுவனவற்றை முதலில் கழித்துவிடலாம். நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 8 சதவீதத்தை மூடிக்கிடக்கும் வாட்னயோகுல் பனிப்பரப்பின் ஓரங்களில் நடக்கப் போகிறவர்களுக்குக் காலணிக்கடியில் இரும்பு முட்கள் கட்டப்படுகின்றன, தலையில் கவசம் கவிழ்க்கப்படுகிறது, முன்னால் வழிகாட்டி போகிறார். வரிசையில் முன்னே செல்பவர் படமெடுக்கத் திடீரென்று நிற்பதைத் தவிர வேறு இடர் நேர வழியில்லை. திங்வெட்லிரில் வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் பிரியும் சில்ஃப்ரா பிளவில், 2 முதல் 4 பாகை செல்சியஸ் குளிருள்ள நீரில் மிதப்பதும் அப்படியே. நீர் புகாத உடையை இரண்டு பேர் சேர்ந்து இழுத்து மாட்டிவிட்டுத்தான் இறக்குகிறார்கள். அந்தத் தட்டுகள் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. விலகுகின்றன. அதைக் காணக் கட்டணம் கட்டும் தம்பதியர், பயணத்தின் நான்காம் நாளில் தாங்களே எட்டியிருக்கும் வேகத்தைக் கவனிப்பதில்லை. ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப மின்நிலையம் வெளியேற்றும் நீரில் காசு கொடுத்துக் குளிப்பது பொருளாதாரத் துறையின் பாற்படும். புளிக்கவைத்த சுறா பயண மருத்துவக் காப்பீட்டின் பாற்படும். அருவிகள்: விழுகின்றன.

இவ்வாய்வுக்கு மூலநூல் வாடகைக் கார் ஒப்பந்தம். அதன் ஆசிரியர் ஒருவரா பலரா என்பது தெளிவாகவில்லை. நடை பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது, கருணை மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் உரையாசிரியர். மூலத்தில் இல்லாத பொருளை உரையில் காட்டுவது அவருக்கும் மரபாகவே இருக்கிறது. அடிப்படைக் காப்பீட்டின் மேல் சரளைக் காப்பீடு, அதன் மேல் மணல்-சாம்பல் காப்பீடு என்று அடுக்கப்படுவதை இடைச்செருகல் என ஒதுக்குவோர் உண்டு. அவர்கள் களத்தை அறியாதவர்கள். பனியாற்று வெள்ளங்கள் தென்கரையில் பரப்பிவைத்திருக்கும் கருமணல் வெளியில் புயற்காற்று எழுந்தால் காரின் பெயின்ட் உரிந்து தகரம் தெரியும். மணல் காப்பீடு ஆதாரமுள்ள பாடமே. ஆனால் இத்தனை அடுக்குக்கும் பணம் கட்டிய பிறகு, பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரி வருகிறது: காற்றடித்துக் கதவுக்கு நேரும் சேதம் நீங்கலாக (ஒப்பந்தம், பின்பக்கம்). நாட்டில் ஓயாமல் இருப்பது காற்று, காரில் ஓயாமல் திறப்பது கதவு. இவ்விரண்டும் சந்திக்கும் புள்ளியை மட்டும் தேர்ந்து நீக்கிய அந்த ஆசிரியரின் நுண்மாண் நுழைபுலம் வியக்கத்தக்கது (மேற்படி, பின்பக்கம், இரண்டாம் நட்சத்திரக்குறி, கண்ணாடி அணிந்தோர்க்கு மட்டும்).

இனி இலக்கணம். தலைவனும் தலைவியும் வீட்டாரை விட்டு நெடுவழி போவது உடன்போக்கு. அதற்குரிய நிலம் பாலை. ஐஸ்லாந்தின் நடுநாடு, குறிப்பாக ஸ்ப்ரெங்கிசாண்டூர், கல்லும் கருமணலுமாகக் கிடக்கும் குளிர்ப்பாலை. இங்கே மெய்யாகவே ஓர் உடன்போக்கு நடந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஃப்யாட்ல எய்விந்தூர் என்பவரும் அவர் மனைவி ஹட்லாவும் சட்டத்துக்குத் தப்பி இந்த மேட்டுநிலத்தில் சுமார் 20 ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1918-இல் விக்டர் ஸ்யோஸ்ட்ரம் அவர்கள் கதையை ஸ்வீடனில் படமாக எடுத்தார். அவ்வளவு குளிரிலும் பசியிலும் அத்தம்பதி பிரியாதிருந்தது எப்படி என்று வியப்போருக்கு எம் விடை: அவர்களிடம் கார் இல்லை, ஆகவே கதவும் இல்லை. இன்றைய தம்பதியரிடமோ பாலைக்குரிய பிரிவைக் காணோம், ஒரே காரில் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். மருதத்துக்குரிய ஊடல்தான் பொங்கி வழிகிறது. கழனியும் நெல்லும் மருத மரமும் இல்லாத நாட்டில் ஊடல் எவ்வாறு விளைந்தது? திணைமயக்கம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். கோட்பாடு பொருந்தாத இடத்துக்கு ஒரு பெயர் சூட்டி, பெயரையே விளக்கமாகக் கொண்டு ஓய்வூதியம் வரை போய்ச் சேர்ந்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைப் பின்பற்றாமல் காரணம் தேடியதில் கிடைத்ததுதான் கதவு.

தோழியின் இடம் வழிகாட்டும் கருவிக்கு. அவள் குரல் இனியது, அறத்தொடு நிற்பவள், திரும்பத் திரும்பச் சொன்னாலும் சலிக்காதவள். ஆனால் பாடபேதத்தை மன்னிக்கமாட்டாள். 2016-இல் ரெய்க்யாவிக்கின் லௌகவேகூர் தெருவிலுள்ள விடுதிக்குப் போக விமான நிலையத்தில் புறப்பட்ட அமெரிக்கர் ஒருவர், தெருப்பெயரில் ஓர் எழுத்து கூடியிருந்த ஒரே காரணத்தால் பனிச்சாலையில் மணிக்கணக்காக ஓட்டி வடகோடியிலுள்ள சிக்லுஃப்யோர்தூருக்குப் போய்ச் சேர்ந்தார். ஏட்டுச்சுவடிப் பதிப்பில் ஓர் எழுத்துக்காக முப்பது ஆண்டுகள் சண்டையிடுவோரை இனிமேலாவது யாரும் எள்ளி நகையாடக்கூடாது. இருப்பினும் அவர் தனியாளாக வந்தவர். பக்கத்து இருக்கையில் தலைவி இல்லாத பயணத்தில் வழி தவறுவது வெறும் எரிபொருட்செலவு. இலக்கிய மதிப்பு அதற்கில்லை.

கதவுக்கு வருவோம். ஐஸ்லாந்தில் வலப்புறம் ஓட்டுவதால் தலைவன் ஓட்டினால் இடக்கதவு அவனுடையது, வலக்கதவு தலைவியுடையது. தனியாள் ஒரு நேரத்தில் ஒரு கதவையே திறக்க முடியும். இருவர் ஒரே கணத்தில் இரண்டையும் திறக்க முடியும், திறக்கவும் செய்கிறார்கள். அப்போது கார் ஒரு குழாயாகிவிடுகிறது. ஒருபுறம் புகுந்த காற்று வரைபடத்தையும் பார்க்கிங் சீட்டையும் பாதி தின்ற ஹாட் டாகின் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு மறுபுறம் வெளியேறுகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவைத் திறக்கத் தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். காற்று போகும் பக்கத்துக் கதவைத் தள்ளவே வேண்டாம், கைப்பிடி விடுபட்டு நான்கு விரற்கடை இடைவெளி விழுந்தாற்போதும். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். கதவு தன் கடைசி எல்லைக்குப் போய், அங்கே நிறுத்தவேண்டிய கம்பி நிறுத்தாமல், முன்பக்கத் தகரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அதன்பின் அது மூடாது; மூடினாலும் மேல் விளிம்பில் ஒரு விரல் நுழையும் சந்து நின்றுவிடும். சந்து வழியே வரும் விசில் ஒலி, சுமார் 1,300 கி.மீ. நீளமுள்ள வட்டச்சாலை முழுவதும் கூடவே வரும். அந்த விசில் கேட்டுக்கொண்டிருக்கும்வரை யார் திறந்தது என்ற வினாவுக்கு முற்றுப்புள்ளி இல்லை. ஊடலின் ஊற்றுக்கண் இதுவே.

காற்றின் வேகத்தை முன்கூட்டியே அறிந்து நடக்கலாமே என்பது ஏட்டறிவு. அந்நாட்டு வானிலை நிலையம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து எச்சரிக்கத்தான் செய்கிறது. ஆனால் காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று தருகிறது. 20 என்ற எண்ணைக் காணும் தலைவன் அதை மென்காற்று என்று கொள்கிறான், 3.6-ஆல் பெருக்க வேண்டும் என்பது தலைவிக்குத் தெரிகிறது. மணிக்கு 72 கி.மீ. என்ற விடை வாயில் வருவதற்குள் கதவு போய்விடுகிறது. நாளொன்றுக்குப் பத்து இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று கொண்டால், இரு கதவு, இறங்க ஒருமுறை ஏற ஒருமுறை என நாற்பது திறப்புகள். ஒரு நாளில் நாற்பது முறை நேரும் சாகசத்தை விட்டுவிட்டு, பயணத்தில் ஒருமுறை நேரும் பனிநடையை முன்னிறுத்துவது எந்த ஆய்வுநெறியின்பாற்படும்? மூலநூலாசிரியருக்கு இது தெரிந்திருக்கிறது (ஒப்பந்தம், பின்பக்கம், இரண்டாம் நட்சத்திரக்குறியின் அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு, விமானத்திலேயே படித்திருக்க வேண்டிய பகுதி, காபிக் கறைக்குக் கீழ்).

மறுப்புகளைக் காண்போம். எரிமலை இருக்கக் கதவு பெரிதா என்பது முதல் மறுப்பு. எய்யாஃப்யாட்லயோகுல் 2010-இல் கக்கிய சாம்பல் ஐரோப்பிய வான்வழிகளை நாட்கணக்கில் முடக்கியது. ஆயின் அந்தச் சாகசத்தைப் பெரும்பாலும் அனுபவித்தவர்கள் ஐஸ்லாந்துக்குச் செல்லாமல் வேறு விமான நிலையங்களின் தரையில் படுத்துக் கிடந்தவர்கள். அவர்கள் ஆய்வெல்லைக்கு வெளியே. மேட்டுநிலத்து எஃப் சாலைகளில் காரோடு ஆற்றில் இறங்குவது காப்பீட்டில் இல்லையே, உம் வரையறைப்படி அதுவும் சாகசமாயிற்றே என்பது இரண்டாவது. உண்மை. ஆனால் அச்சாலைகள் கோடையில் மட்டும் திறப்பவை, நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு மட்டும் உரியவை. மேலும் ஆற்றில் இறங்கும்போது இருவரும் ஒருசேர மூச்சடக்குகிறார்கள், கரையேறியதும் ஒருசேரச் சிரிக்கிறார்கள். ஒற்றுமை விளையும் இடம் எம் ஆய்வுக்குப் பயன்படாது. ரேய்னிஸ்ஃபியாராவின் கருமணற்கரையில் எதிர்பாராமல் ஏறிவரும் அலைகளைச் சுட்டுவது மூன்றாவது. அவை உயிர்களைப் பலிகொண்டவை. அங்கே எச்சரிக்கை விளக்கு சொல்வதைக் கேட்டுக் கடலுக்கு முதுகு காட்டாமல் நிற்பதற்குமேல் ஆய்வுக்கு எதுவும் இல்லை.

நான்காம் மறுப்பு தத்துவத் துறையினருடையது. 2012-இல் எல்ட்கியா பள்ளத்தாக்கருகே பேருந்தில் வந்த பெண் பயணி ஒருவர் உடை மாற்றிக்கொண்டு வண்டியேற, அவரை அடையாளம் கண்டுகொள்ளாத சக பயணிகள் ஒருவரைக் காணோம் என்று முறையிட, தேடும் குழுவில் அவரும் சேர்ந்துகொண்டார். தாம் தேடுவது தம்மையே என்பது அவருக்கு நள்ளிரவு கடந்தே விளங்கியது. தன்னைத் தேடிக் கண்டடைதலினும் மேலான சாகசம் உண்டா என்று வேதாந்தப் பயிற்சியுள்ளோர் கேட்கலாம். வேறு சிலர் ஆயுள் முழுவதும் தேடியும் கிட்டாதது ஒரே இரவில் கிட்டியிருக்கிறது என்பதில் எமக்கும் மறுப்பில்லை. ஆயினும் அவர் வந்தது பேருந்தில். பேருந்தின் கதவை ஓட்டுநர் திறக்கிறார்.

ஐந்தாவது மறுப்பே வலியது. ஐஸ்லாந்து போய் வந்த எந்தத் தம்பதியும் கதவைப் பற்றிப் பேசுவதில்லையே, காட்டும் படங்களில் ஒன்றிலும் கதவு இல்லையே என்கிறார்கள். ஒரு பொருளைப் பற்றி எங்கும் குறிப்பே கிடைக்காதது, அப்பொருள் திட்டமிட்டு மறைக்கப்பட்டதற்குச் சான்று. இந்த நெறிமுறையைக் கொண்டு முழுக் கண்டங்களையே கடலுக்கடியில் நிறுவியிருக்கிறார்கள்; ஒரு கார்க்கதவை நிறுவக்கூடாதா? தவிர, கதவு வளைந்த நிகழ்ச்சியைச் சொல்லப் புகுந்தால் திறந்தவர் பெயரையும் சொல்ல வேண்டிவரும். ஆகவே அருவியைப் பேசுகிறார்கள்.

களத்துக்குப் பயன்படக் கூறுவதாயின் விதிகள் மூன்று. காரின் மூக்கு காற்றை நோக்கி நிற்குமாறு நிறுத்துக. ஒருவர் கதவு மூடிய பிறகே மற்றவர் திறக்க. திறக்கும்போது ஒரு கை கைப்பிடியிலும் மறு கை கதவின் விளிம்பிலும் இருக்க. இவற்றுள் இரண்டாம் விதியில் யார் முதலில் என்பதை மூலநூல் சொல்லாமல் விட்டிருக்கிறது (ஒப்பந்தம், முழுவதும், தேடிப் பார்த்தது). அந்த இடைவெளியை நிரப்பும் முனைவர் பட்ட ஆய்வுக்கு, மணமானவர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பது துறைக்கு நல்லது. நெறியாளர் கூட வரவேண்டியதில்லை; பின்னிருக்கைக்கும் இரண்டு கதவுகள் உண்டு.