பெருந்தலைவர் இருந்திருந்தால்

விருதுநகர் வட்டாரத்தில் இளங்கலை அரசியல் அறிவியல் வகுப்புக் கருத்தரங்கம் எந்தத் தலைப்பில் தொடங்கினாலும், கட்டுரை வாசித்து முடிந்து, பேராசிரியர் “கேள்வி ஏதாவது இருக்கா?” என்று கேட்டு, வகுப்பு முழுவதும் தலைகுனிந்து மேசையை ஆராயத் தொடங்கும் அந்த இடைவெளியில், மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்திருப்பார். அவர் எழுந்தால் காமராசரும் உடன் எழுவார் என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால், கடைசி வரிசையில் இருப்பவர்கள் அப்போதே கைப்பேசியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். “பேப்பர் நல்லா இருந்துச்சு சார். ஒண்ணே ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன் சார். இதே பிரச்சினை பெருந்தலைவர்கிட்ட வந்திருந்தா, பெருந்தலைவர் இன்னைக்கு இருந்திருந்தா…” என்று அவர் ஆரம்பித்துவிட்டால், தலைப்பு உலக வணிக அமைப்பாக இருந்தாலும் ஊராட்சி மன்றமாக இருந்தாலும் அன்றைய விவாதம் விருதுநகர் எல்லையைத் தாண்டாது. இவரை ‘இருந்திருந்தால் மாணவர்’ என்று அழைப்பது பொருந்தும்.

மாணவர் வழக்கில் ‘செமினார் எடுப்பது’ எனப்படும் இக்கருத்தரங்கம், பருவத் தேர்வுக்கு வெளியே கல்லூரியே வழங்கும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்காக ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, திரையில் ஓடும் படவில்லைகளைத் திரும்பிப் பார்த்து வாசித்துவிட்டு அமரும் ஏற்பாடாகும். ஏட்டளவில் இதன் உயிர், வாசிப்புக்குப் பின் நடக்கவேண்டிய விவாதத்தில் இருக்கிறது. நடைமுறையில் அந்த விவாதத்தை இருந்திருந்தால் மாணவரே தனியாளாக நடத்துகிறார் என்பதையும், அவர் விடுப்பு எடுக்கும் நாள்களில் கருத்தரங்கம் கால்மணி நேரத்தில் முடிந்து பேராசிரியர் வருகைப் பதிவேட்டை இரண்டாம் முறை வாசிக்க நேர்கிறது என்பதையும் அவர் பக்கத்து நியாயமாகப் பதிவுசெய்தாக வேண்டும்.

அவருடைய கலை முழுவதும் இணைப்பில் இருக்கிறது. பொதுக்கொள்கைப் பாடத்தில் ‘கொள்கைச் சுழற்சி’ என்றொரு கருத்து உண்டு. ஓர் அரசு முடிவு தகவல் திரட்டலில் தொடங்கி, பரிந்துரை, விதியாக்கம், நடைமுறை எனப் பல கட்டங்களைக் கடந்து வருகிறது என்பதே அதன் சாரம். இதன் தொடக்க வடிவத்தை ஹெரால்டு லாஸ்வெல் என்ற அமெரிக்க அறிஞர் 1956இல் ஏழு கட்டங்களாக வகுத்தார். ஆண்டைக் கேட்டதுமே மூன்றாம் வரிசை நிமிர்ந்துவிடும். “சார், மதிய உணவுத் திட்டமும் 1956தான் சார்.” இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவருக்குப் பதில் வராது, ஒரு புன்னகை மட்டும் வரும், அதில் லாஸ்வெல் யாரைப் பார்த்து எழுதினார் என்ற ஐயம் தொங்கிக்கொண்டிருக்கும். லாஸ்வெலின் ஏழு கட்டங்களில் ஒன்று ‘முடித்துக்கொள்ளல்’, அதாவது பயன் தீர்ந்த ஏற்பாட்டை அரசே விலக்கிக்கொள்வது. மற்ற மாணவர்கள் எடுத்துக்காட்டு கிடைக்காமல் திண்டாடும் இந்தக் கட்டத்துக்கு அவரிடம் இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு: 1954இல் முதலமைச்சரானதும் காமராசர் இராசாசியின் கல்வித் திட்டத்தைக் கைவிட்டது ஒன்று, 1963இல் கட்சிப் பணிக்காகத் தம் முதலமைச்சர் பதவியையே துறந்தது மற்றொன்று. இரண்டாவது கொள்கையை முடிப்பதா, பதவியை முடிப்பதா என்ற நுட்பமான வேறுபாட்டை எழுப்பத் துணிந்தவர்கள் அந்த வகுப்பில் நீடித்ததில்லை.

அடுத்த வாரம் சார்லஸ் லிண்ட்ப்ளாம் வருகிறார். அரசுகள் பெருந்திட்டம் தீட்டிப் பாய்வதில்லை, இருப்பதிலிருந்து சிறுசிறு மாற்றங்களாகவே நகர்கின்றன என்று 1959இல் எழுதியவர் இவர். “கரெக்டு சார்,” என்பார் இருந்திருந்தால் மாணவர். மதிய உணவு படிப்படியாகத்தானே பள்ளி பள்ளியாகப் பரவியது என்பது அவர் சான்று. அதே பருவத்தில் இன்னொருவர், பெருந்திட்டமின்றிப் பெருமாற்றம் இல்லை என்ற எதிர்க்கொள்கையை வாசிக்கும்போதும் “கரெக்டு சார்” என்பார். ஊர் ஊருக்குப் பள்ளி திறந்தது சிறு மாற்றமா என்பது இப்போதைய சான்று. எந்தச் சான்றாலும் பொய்யாக்க முடியாத கூற்று அறிவியல் ஆகாது என்பது கார்ல் பாப்பரின் புகழ்பெற்ற அளவுகோல். அந்த அளவுகோலைப் பற்றிய கருத்தரங்கிலும் அவர் எழுந்தார் என்பதே போதும்.

நீர்க்கொள்கைக்கு 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை இருக்கிறது. உள்ளாட்சிக்கு 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டம் இருக்கிறது. தலைமைத்துவத்துக்கு காமராசர் முன்னின்று, நேருவுக்குப் பின் சாஸ்திரியும், சாஸ்திரிக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமரான கதை இருக்கிறது. இவற்றில் ஒன்றும் பொய்யில்லை என்பதுதான் வகுப்பின் துன்பம்; தவறென்று சொல்லி உட்காரவைக்க முடியாத மனிதரை எதைச் சொல்லி உட்காரவைப்பது? போதாக்குறைக்குச் சூழலே அவர் பக்கம் சாட்சி சொல்கிறது. பட்டம் தரும் பல்கலைக்கழகம் 1978 முதல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். மாவட்டமே 1985இல் பிரிக்கப்பட்டபின் சில ஆண்டுகள் காமராசர் மாவட்டம் என்றே வழங்கியது. பேராசிரியர் பேச்சை மாற்ற எண்ணிச் சாளரத்துக்கு வெளியே பார்த்தாலும், முச்சந்தியில் ஒரு சிலை கையைத் தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருக்கும்.

அவரைச் சற்றேனும் தடுமாறச் செய்யும் ஆண்டு 1967. அவ்வாண்டுப் பொதுத்தேர்தலில் காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகர்த் தொகுதியிலேயே, பெ. சீனிவாசன் என்ற தி.மு.க. மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். வெளியூர் மாணவர் எவரேனும் இதை நினைவூட்டினால், வாக்காளர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்பார். ஏமாந்தவர்கள் யார் என்று கேட்டால், “எங்க தாத்தா பெருந்தலைவருக்குத்தான் போட்டாரு” என்பார். உடனே வகுப்பின் உள்ளூர்ப் பாதி முழுவதும் தத்தம் தாத்தாக்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றும். ஆண்டுதோறும் கருத்தரங்குகளில் பதிவாகும் இந்த வாக்குமூலங்களைத் தொகுத்தால், சீனிவாசனுக்கு அவரே போட்டுக்கொண்டதைத் தவிர வேறு வாக்கு விழுந்திருக்க வழியில்லை. வாக்காளர் நடத்தை பற்றிய ஆய்வுக்கு, வென்றவரை மறந்து தோற்றவருக்கு வாக்களித்ததாக ஒரு நகரமே நினைவைத் திருத்திக்கொண்ட இந்த நிகழ்வைவிட அரிய தரவு கிடைக்காது. அதை யாரும் கருத்தரங்கத் தலைப்பாக எடுத்ததாகத் தெரியவில்லை.

சங்கரலிங்கனார் பெயர் வந்தால் அவர் அமைதியாகிவிடுவார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டுவது உட்பட பன்னிரண்டு கோரிக்கைகளை வைத்து, 1956 சூலை 27 அன்று விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கி, அக்டோபர் 13 அன்று உயிர்விட்ட இந்த முதியவர், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது காமராசரின் ஊரிலேயே பட்டினி கிடந்தார். பிள்ளைகளுக்கு மதிய உணவு பிறந்த அதே ஆண்டு. ஓர் அரசு எதைக் கேட்கிறது, எதைக் கேட்காமல் இருந்துவிடுகிறது என்ற பொதுக்கொள்கையின் மையக் கேள்வியைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான பாடம் இந்த மாவட்டத்தில் வேறில்லை. “அவரும் காங்கிரஸ்காரர்தான் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துகொள்வார். உட்காரும் ஒரே தருணம் அது.

அவருக்கு வேறு பழக்கங்களும் உண்டு. விருந்தினர் உரைக்குப்பின் நன்றியுரையைத் தம்மிடம் தரும்படி கேட்பது, மேடைப் படத்தில் ஓரத்தில் நுழைவது போன்றவை. அவை எல்லா ஊரிலும் காணக்கூடியவை.

நகைப்பு நின்றுபோகும் இடம் பட்டாசுத் தொழில் ஒழுங்குமுறை பற்றிய கருத்தரங்கம். ஒழுங்குமுறை என்பது, தனியார் செய்யும் ஒரு தொழிலை அரசு உரிமம், ஆய்வு, தண்டனை ஆகியவற்றின் மூலம் வரம்புக்குள் நிறுத்துவது. சிவகாசியில் அதன் படிநிலைகளை ஊர்க்காரர்கள் ‘நாக்பூர் லைசென்சு’, ‘சென்னை லைசென்சு’, ‘டி.ஆர்.ஓ. லைசென்சு’ (மாவட்ட வருவாய் அலுவலர் தருவது) என்று, உரிமம் எங்கிருந்து வருகிறதோ அதைச் சொல்லியே பிரித்தறிவார்கள். கட்டுரை வாசிப்பவர் 2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைச் சொல்வார்: பேரியம் உப்புகளுக்குத் தடை, சரவெடிக்குத் தடை, புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி, தீபாவளியன்று வெடிக்க இரவு இரண்டு மணி நேரம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன விபத்தும் ஒரு படவில்லையில் வந்துபோகும். மூன்றாம் வரிசை எழும். “பெருந்தலைவர் இருந்திருந்தா இந்தத் தொழிலைக் காப்பாத்தியிருப்பார் சார்.” கைதட்டலும் கிடைக்கும்.

அவர் வீட்டில் யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்பது வகுப்புக்குத் தெரியும். விடியுமுன் ஆலை வேன் எந்தத் தெருவில் நிற்கும் என்பதும், பெற்ற உரிமம் ஒருவர் பெயரிலும் ஓடும் அறைகள் வேறு பலர் பெயரிலுமாக, சட்டம் ஒப்பாத உள்குத்தகை எப்படி நடக்கிறது என்பதும், எண்ணிக்கைக் கூலியில் கை வேகமே கூலியாகிவிடுவதால் நிதானம் என்பது காசை இழக்கும் காரியமாகிறது என்பதும், ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் ஓர் அறையில் எத்தனை பேர் இருப்பார்கள், வராத நாளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதும் அவர் அறிந்தவை. விதிக்கும் நடைமுறைக்கும் இடையே களத்தில் நிற்கும் சிறு அதிகாரியே உண்மையில் கொள்கையை ஆக்குகிறார் என்று மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் ஒரு புத்தகம் முழுவதும் நிறுவியதை, இந்த மாணவர் பத்து வயதில் திண்ணையில் உட்கார்ந்தே கேட்டிருப்பார். அதில் ஒரு சொல்லைக்கூட அவர் வகுப்பில் சொல்வதில்லை. காமராசரைச் சொன்னால் கைதட்டல் உண்டு, மதிப்பெண் உண்டு, எந்த ஆலை முதலாளிக்கும் எரிச்சல் இல்லை. உள்குத்தகையைச் சொன்னால் ஆதாரம் என்ன, எந்த நூல், எந்தப் பக்கம் என்று கேட்கும் பேராசிரியரும், ஊரில் செய்தி போய்விடுமோ என்ற அச்சமும் காத்திருக்கின்றன. கருத்தரங்கம் அவருக்குக் கற்பித்திருப்பது இந்தக் கணக்கைத்தான். இதில் அவரை மட்டும் குறைசொல்வது முறையாகாது. எழுபது ஆண்டுக்கு முந்திய ஆட்சியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், நேற்றைய அறையைப் பற்றிப் பேசக்கூடாது என்ற எழுதாத விதியைப் பேராசிரியர்களும் துறைகளும் காலங்காலமாகக் காத்துவந்திருக்கிறார்கள். இந்தப் பட்டாசு மண்ணில் பொதுக்கொள்கை கற்பிக்க அவர்கள் தேர்ந்தெடுக்கும் எடுத்துக்காட்டுகள் இன்றும் டென்னசிப் பள்ளத்தாக்கிலிருந்தும் பிரிட்டிஷ் நலவாழ்வுத் துறையிலிருந்தும்தான் வருகின்றன.

எனினும் அவருடைய பருவகாலம் ஒன்று உண்டு. காமராசர் பிறந்த நாளான சூலை 15 தமிழகப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுவதால், அந்த வாரம் முழுவதும் சுற்றுவட்டாரப் பள்ளிகள் அவரைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்துக்கொண்டிருக்கும். அவரும் துண்டும் பேனாவும் பரிசாக வாங்கிக்கொண்டு, குறிப்புத்தாள் இல்லாமல், ஓர் ஆண்டும் ஒரு பெயரும் பிசகாமல் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வருவார். பிள்ளைகள் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாரம் முடிந்து கல்லூரிக்கு வரும்போது, விட்டுப்போன வகுப்புகளுக்கு ‘ஆன் டியூட்டி’ வருகை வேண்டும் என்ற விண்ணப்பம் அவர் கையில் இருக்கும். துறைத்தலைவர் முணுமுணுத்தபடியே கையொப்பமிட்டு, அடுத்த வாரக் கருத்தரங்கத் தலைப்பையும் அதிலேயே நினைவூட்டி அனுப்புவார்: செயற்கை நுண்ணறிவும் அரசு நிர்வாகமும். “பாயிண்ட்ஸ் இருக்கு சார்” என்பார் அவர்.